ஒரு திட்டம் வேலை செய்கிறதா? நீலகிரியின் பத்து ரூபாய் பாட்டில் சொல்வது

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி, குன்னூர் மலைப்பாதையில் ஏறுறீங்கன்னு வச்சுக்கோங்க. பர்லியார் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சரி, அடுத்த முறை ஊட்டிக்குக் கிளம்பும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

வீட்டிலேயே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவீர்களா? இல்லை, போன முறை மாட்டிக்கொண்டோமே என்று இந்த முறை பாட்டிலை இன்னும் நல்லா ஒளித்து வைப்பீர்களா?

இரண்டில் எதைச் செய்தாலும் சாவடியின் கணக்கில் விழப்போவது ஒன்றுதான்: பிளாஸ்டிக் எதுவும் பிடிபடவில்லை. காகிதத்தில் இரண்டு பயணிகளும் ஒன்று. மலைக்கு அப்படி இல்லை. ஒருவர் பாட்டில் மலையேறாது. இன்னொருவர் பாட்டில் எங்கேயோ ஒரு வளைவில் கீழே விழும்.

இந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு திட்டம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க நினைக்கும் யாருக்கும் இதுதான் சிக்கலான இடம்.

“பயன்பெற்றுள்ளனர்”

அரசுத் திட்டங்கள் பற்றிய செய்திக்குறிப்புகளில் தவறாமல் ஒரு வரி வரும்: “இத்திட்டத்தின் மூலம் இத்தனை பேர் பயன்பெற்றுள்ளனர்.” நானும் அந்த வரியைப் பல முறை எழுதியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. துணிப்பை வாங்கியவர், விழிப்புணர்வு முகாமுக்கு வந்து கையெழுத்துப் போட்டவர், மாத்திரைப் பட்டை பெற்றுக்கொண்டவர் எல்லாரும் அந்த எண்ணிக்கைக்குள் இருப்பார்கள். ஆனால் கொடுத்ததை எண்ணுவது ஒரு கணக்கு. கொடுத்த பிறகு அவர் கையில் என்ன மாறியது என்பது வேறொரு கணக்கு.

மஞ்சப்பையையே எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் பிறகு வந்தன. இயந்திரத்திலிருந்து எத்தனை பை வெளியே வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், இயந்திரமே சொல்லிவிடும். அந்தப் பை இரண்டாவது முறை கடைக்குப் போனதா என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. வீட்டு ஆணியில் பத்து மஞ்சப்பை தொங்க, பதினோராவதை வாங்கிக்கொண்டு வருகிறவர் எங்கள் வீட்டிலும் உண்டு. (நான்தான்.)

அப்படியானால் நேராகக் கடைசிப் பலனையே பார்த்துவிடலாமே, ஓடையில் பிளாஸ்டிக் குறைந்ததா என்று? பார்க்கலாம். ஆனால் அதற்கு வருடக்கணக்காகும். அதற்குள் ஒரு பெருமழை எல்லாவற்றையும் பவானிக்கு அடித்துக்கொண்டு போயிருக்கலாம், இல்லையென்றால் ஒரு மே மாதக் கூட்டம் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். ஓடை சுத்தமானதற்குத் திட்டம்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

பை கொடுத்ததற்கும் ஓடை சுத்தமானதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அது மனிதர்கள் இருக்கும் இடம். கடைக்காரர், வாடிக்கையாளர், பஸ் நடத்துநர், விடுதிக்காரர், சுற்றுலா வந்தவர். இவர்கள் நேற்று செய்ததை இன்று வேறு மாதிரி செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் நடத்தை மாற்றத்தை வைத்துத் திட்டத்தை மதிப்பிடும் முறை. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் 2001-இல் இதை ‘அவுட்கம் மேப்பிங்’ என்ற பெயரில் ஒரு கையேடாகவே வெளியிட்டது. சாரா ஏர்ல், ஃபிரெட் கார்டன், டெர்ரி ஸ்முட்டிலோ என்ற மூவர் எழுதியது. கையேடு பெரிது, ஆனால் அதன் அடிப்படை எளிது. திட்டம் யார் யாரை நேரடியாகத் தொடுகிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தால் திட்டம் நகர்கிறது என்று சொல்லலாம் என்பதை மூன்று படியாக எழுதுங்கள்: கட்டாயம் எதிர்பார்ப்பது, நடந்தால் நல்லது, நடந்தால் ரொம்ப சந்தோஷம். பிறகு அவ்வப்போது போய்ப் பாருங்கள், யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று.

குன்னூர் போகும் வழியில் இருக்கும் ஒரு பெட்டிக்கடையை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கவர் கேட்டால் கடைக்காரர் ‘இல்லீங்க’ என்கிறார். இது முதல் படி, அபராதத்துக்குப் பயந்தும் இதைச் சொல்லலாம். தண்ணீர் பாட்டில் கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் ஏடிஎம்மைக் கை காட்டுகிறார். இது இரண்டாவது. சரக்கு கொண்டுவரும் மொத்த வியாபாரியிடம் ‘பிளாஸ்டிக்கில் சுற்றினது எனக்கு வேண்டாம்’ என்று யாரும் சொல்லாமலே அவரே சொல்கிறார் என்றால், அது மூன்றாவது படி. சோதனைக்கு வரும் அதிகாரி மாற்றலாகிப் போன பிறகும் நிற்கக்கூடியது அந்த மூன்றாவது படிதான்.

நீலகிரிக்கு இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 முதல். நீலகிரி அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே தொடங்கிவிட்டது. சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்ற பெயரில் நடந்த இயக்கம் அது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்து, ‘பிளாஸ்டிக் வேண்டாம்’ என்று ஊர்வலம் போன பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். அவர்களில் பலர் கடை வைத்திருக்கலாம், டாக்ஸி ஓட்டலாம், ஹோம்ஸ்டே நடத்தலாம். அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் அந்த இயக்கத்துக்கான நிஜமான மதிப்பெண் என்பது என் எண்ணம்.

பாட்டில் திரும்பி வந்தால் போதுமா?

இப்போது பத்து ரூபாய் பாட்டிலுக்கு வருவோம்.

நீலகிரியில் காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. தேயிலைத் தோட்டத்துக்கு அடுத்து சோலை, சோலைக்கு அடுத்து சாலை, சாலைக்கு அடுத்து யானை வழித்தடம். சாலையோரம் உட்கார்ந்து குடித்துவிட்டு வீசிய மதுபாட்டில் உடைந்தால், அது யானையின் பாதத்தில் ஏறும். யானையின் உள்ளங்கால் பார்க்கத்தான் தடிமன், கண்ணாடி ஏறினால் காயம் சீழ் வைக்கும். அத்தனை எடையையும் அந்தக் காலில்தான் அது தாங்கி நடந்தாக வேண்டும். மாடு மேய்ப்பவர், கொழுந்து பறிக்கப் போகும் அக்கா, இவர்கள் கால்களுக்கும் அதே கண்ணாடிதான்.

மலைப்பகுதி வனப் பாதுகாப்பு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதைத் தொடர்ந்து, 2022 மே 15 முதல் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிறகு கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் இது போனது. யோசித்தால் நமக்குப் புதுசும் இல்லை. கண்ணாடி பாட்டிலில் கலர் வாங்கிய காலத்தில், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்வரை கடைக்காரர் நம்மைக் கடையைவிட்டு நகரவே விட்டதில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்தத் திட்டத்தின் பெரிய நல்ல விஷயம், இது எண்ணுவதே ஒரு செயலை. நோட்டீஸ் எத்தனை கொடுத்தோம், போர்டு எத்தனை வைத்தோம் என்று இதில் கணக்கு இல்லை. விற்றது இத்தனை, திரும்பியது இத்தனை. ஒவ்வொரு திரும்பிய பாட்டிலும் யாரோ ஒருவர் அதைக் கையில் எடுத்துக் கடைவரை நடந்ததற்குச் சாட்சி. நடத்தையை இவ்வளவு நேரடியாகக் காட்டும் எண் அரசுத் திட்டங்களில் அபூர்வம்.

ஆனால் அந்த ‘யாரோ ஒருவர்’ யார்? குடித்தவரா?

சில நேரம் அவர்தான். சில நேரம், குடித்தவர் வழக்கம்போல வீசிவிட்டுப் போக, மறுநாள் காலை சாக்குப்பையோடு வந்த ஒருவர் அதைப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பத்து ரூபாய் வாங்கியிருப்பார். கணக்கில் இரண்டுமே ‘திரும்பியது’தான். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், கேன்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. அங்கும் மற்றவர்கள் விட்டுப்போனதைச் சேகரித்துக் கடையில் கொடுத்துக் காசு பார்க்கும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று தனிப் பெயரே இருக்கிறது.

யானைக்கு இதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. பாட்டிலை யார் எடுத்தால் என்ன, காலில் ஏறாமல் இருந்தால் சரி. பொறுக்கியவருக்கும் ஒரு வருமானம். அதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் குடித்தவர் மாறினாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், திரும்பிய பாட்டில் எண்ணிக்கை மட்டும் போதாது.

வேறு எதைப் பார்க்கலாம்? அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். பாட்டில் போய்விட்டது. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் டம்ளர்? சிப்ஸ் கவர்? தண்ணீர் பாக்கெட்? அவற்றுக்குப் பத்து ரூபாய் கிடையாது, அதனால் யாரும் பொறுக்க வரமாட்டார்கள். அவையும் காணாமல் போயிருந்தால், அங்கே உட்கார்ந்தவரின் பழக்கத்தில் ஏதோ மாறியிருக்கிறது. பாட்டில் மட்டும் போய், மற்றதெல்லாம் அப்படியே கிடந்தால், பாட்டிலுக்கு விலை வந்திருக்கிறது, அவ்வளவுதான். பத்து ரூபாய் ஏற்பாடு நாளைக்கு நின்றால் பாட்டிலும் அதே இடத்துக்குத் திரும்பிவிடும்.

இந்தக் கதையில் இன்னொருவரை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்: கடை ஊழியர். ஸ்டிக்கர் ஒட்டுவது, காலி பாட்டிலை வாங்கி எண்ணுவது, சாக்கில் கட்டி அடுக்குவது, ‘இது இந்தக் கடை பாட்டில் இல்லீங்க’ என்று விளக்குவது, எல்லாம் அவர் தலையில். இடமில்லை, ஆள் போதாது என்று ஊழியர் சங்கங்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. கூட்ட நேரத்தில் ‘அப்புறம் வாங்க’ என்று ஒரு முறை சொன்னால் போதும், பாட்டில் கொண்டுவந்தவர் அடுத்த முறை கொண்டுவர மாட்டார். எனவே வாடிக்கையாளரின் மாற்றத்தை மட்டும் அளந்து, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் என்ன செய்கிறார், அவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை விட்டுவிட்டால் கணக்கு பாதிதான். ஒருவரை மாறச் சொல்வதற்கு முன் அவர் மாற இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஏடிஎம்முக்கும் இதே கதை. இயந்திரம் ஓடாத நாளில் பயணியிடம் ‘ஏன் பாட்டில் வாங்கினாய்’ என்று கேட்க நமக்கு வாயில்லை.

இ-பாஸையும் ஒரு வரி பார்த்துவிடலாம், உங்களில் பலர் போனில் எடுத்திருப்பீர்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. எத்தனை பாஸ் கொடுக்கப்பட்டது என்பது கொடுத்த கணக்கு. பாஸ் கிடைக்காதவர் பயணத்தை வேறு வாரத்துக்கு மாற்றினாரா, காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினாரா? சுவாரசியமான கணக்கு அதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் கணக்காளர்

இப்படி மனிதர்களின் மாற்றத்தைப் பார்ப்பது என்றால் யார் பார்ப்பது? சென்னையிலிருந்து ஒரு குழு வந்து இரண்டு நாள் தங்கி, படிவம் நிரப்பிப் போனால் தெரியுமா? கேள்வி கேட்கும்போது எல்லாருமே துணிப்பைதான் பயன்படுத்துகிறோம் என்று சொல்வார்கள்.

இதற்கு நீலகிரியிலேயே ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பதில் இருக்கிறது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சங்கம், அதாவது உபாசி, 1970-களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக விரிவான தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் ‘இணைப்புப் பணியாளர்’ என்று ஒரு பொறுப்பு. லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களில் ஒருவரே, ஏறத்தாழ 20 குடும்பங்களுக்கு ஒருவர் என்ற கணக்கில். யார் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, யார் தடுப்பூசிக்குப் போகவில்லை, யார் கர்ப்பமாக இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குப் படிவம் இல்லாமலே தெரியும், ஏனென்றால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர். மாற்றம் நடந்ததும் தெரியும், நடக்காததும் தெரியும், ஏன் நடக்கவில்லை என்பதும் தெரியும். அந்த மூன்றாவதுதான் வெளியாள் யாருக்கும் கிடைக்காத தகவல்.

இன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் அதே பலம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. பி.பி. மாத்திரை எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைப் பதிவேடு சொல்லும். போன மாசம் கொடுத்த பட்டையில் பாதி அப்படியே அலமாரியில் இருக்கிறது என்பதை அவர்தான் சொல்வார். காலையில் கொழுந்து பறிக்க ஓடும் அவசரத்தில் மாத்திரை மறந்துபோகிறது, மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல வேண்டியதும் அவர்தான். அந்த ஒரு தகவல், ‘இத்தனை லட்சம் பேர்’ என்ற எண்ணைவிடப் பல நேரம் உபயோகமானது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதே 1970-களில், சில நீலகிரித் தோட்டங்களில் பெண் தொழிலாளர்களுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதாமாதம் பணம் சேர்த்து, குழந்தை பெற்றால் அதில் குறைக்கும் ஏற்பாடும் சோதிக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாடு ஆராய்ச்சியில் உலக அளவில் பேசப்பட்ட சோதனை. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவின் மேல் பணத்தை வைத்து அழுத்துவது சரியா என்று இன்று எவரும் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். பாட்டிலை வீசாதே என்று ஒருவர் நடத்தையை மாற்றுவதும் இதுவும் ஒன்றல்ல. அது மட்டுமில்லை, அங்கே கணக்கோடு சேர்ந்து மருத்துவ வசதிகளும் வந்ததால், பிறப்பு குறைந்தது எதனால் என்று பிரித்துச் சொல்வதும் கஷ்டம். நடத்தையைப் பின்தொடர்வது என்றால், ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க அனுமதி என்று பொருள் இல்லை.

உங்கள் போனில் இருந்து

சரி, நமக்கு இதில் என்ன வேலை? உங்கள் கையில் இருக்கும் போன் ஒரு நல்ல அளவுகோல். உங்கள் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வியூ பாயின்ட், ஒரு பஸ் நிறுத்தம், ஓடைப் பாலம், எதுவானாலும். மாதம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே கோணத்தில் ஒரு போட்டோ. ஆட்களின் முகம் வேண்டாம், தரை போதும். காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம், சாலையில் நின்று தெரிவது போதும். கீழே மூன்று வரி எழுதுங்கள்: என்ன கிடக்கிறது, போன மாசம் கிடந்தது எது இப்போது இல்லை, யார் புதுசா என்ன செய்கிறார்கள். மூன்றாவது வரிதான் முக்கியம். ‘டீக்கடை அண்ணன் பேப்பர் கப்பை விட்டுட்டு கண்ணாடி டம்ளருக்கு வந்துட்டார்’ என்பது மாதிரி. ‘மறுபடி பேப்பர் கப்புக்குப் போயிட்டார், டம்ளர் கழுவத் தண்ணி இல்லையாம்’ என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

எண்ணிக்கையும் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆன்லைனிலேயே மனு போடலாம். கட்டணம் பத்து ரூபாய், ஒரு பாட்டில் காசுதான்! 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். மனுவில் ‘எத்தனை பேர் பயன்பெற்றனர்’ என்று கேட்காதீர்கள், வழக்கமான எண்தான் வரும். ‘எங்கள் வட்டத்தில் கடைவாரியாக, மாதவாரியாக விற்ற பாட்டில் எத்தனை, திரும்பியது எத்தனை’ என்று கேளுங்கள். எந்த மாதத்தில் எந்தக் கடையில் சரிந்தது என்று பார்த்தாலே, போய் விசாரிக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். தண்ணீர் ஏடிஎம் ஓடவில்லை, குப்பைத் தொட்டி இல்லை என்பது மாதிரிப் புகாருக்கு 1100 என்ற முதல்வரின் உதவி எண்.

போட்டோக்களைக் காட்ட இடமும் இருக்கிறது. ஊராட்சிகளில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகராட்சி, பேரூராட்சி என்றால் பகுதி சபை. இரண்டு போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுந்து நின்று கேளுங்கள்: “போன மே மாசம் இங்க இது கிடந்துச்சுங்க. இந்த மே மாசம் இது கிடக்குது. நடுவுல நீங்க என்ன பண்ணினீங்க, நாங்க என்ன பண்ணினோம்?”